தமிழ் நாவலைப் பிரெஞ்சில் சொல்வது: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறேன். பிரெஞ்சு கற்கிறேன். தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் ஏ2 நிலை முடித்தாயிற்று, அடுத்தது பி1. தமிழில் கையில் கிடைப்பதையெல்லாம் வாசிப்பவள் நான். ஆனால் பிரெஞ்சில் 'ழெம் லிர்' (வாசிக்கப் பிடிக்கும்) என்பதற்கு மேல் வாய் வரமாட்டேன் என்கிறது. என்ன புத்தகம், எப்படி இருந்தது என்று கேட்டால் மனத்தில் முதலில் ஆங்கில வாக்கியம்தான் வருகிறது. அதைப் பிரெஞ்சாக மாற்றுவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. ஜூலையில் பிரான்ஸிலிருந்து அத்தை பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குள் ஒரு பிரெஞ்சு நாவலையாவது முழுதாக வாசித்தால்தான் பேச முடியுமா?

ப.

அன்புள்ள ப.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டியதில்லை. நீங்கள் ஆழ்ந்து வாசித்த தமிழ் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைப் பிரெஞ்சில் சொல்லுங்கள். பி1 வாய்மொழித் தேர்வின் முதல் பகுதியில் இரண்டு மூன்று நிமிடம் உங்களைப் பற்றியும் உங்கள் விருப்பங்களைப் பற்றியும் கேட்பார்கள். புத்தகம் எந்த மொழி என்பது அங்கே பொருட்டே இல்லை. கருத்துக்குச் சுருக்கமாகவேனும் காரணம் சொல்ல முடிகிறதா என்பதுதான் பி1 நிலையில் எதிர்பார்ப்பது. பாதி புரிந்த பிரெஞ்சு நாவலுக்குக் காரணம் சொல்வது கடினம். நேசிக்கிற தமிழ் நாவலுக்கு உங்களிடம் நூறு காரணம் இருக்கும்.

அடுத்து, நடுவில் நிற்கிற ஆங்கிலத்தை எடுத்துவிடுங்கள். புத்தகப் பேச்சில் அடிக்கடி வேண்டியிருக்கும் பல வாக்கியங்களில் பிரெஞ்சு, ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் பக்கம். 'ஸ லிவ்ர் மா ப்ல்யு' என்றால் 'இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது'. இரண்டு மொழியிலும் எழுவாய் புத்தகம்தான், நீங்கள் 'எனக்கு'. ஆங்கில வழியாகப் போனால் 'நான்' எழுவாயாகிவிடும், வாக்கியம் கெடும். 'இல் ம ரெஸ்த் சேங்கான்த் பாழ்' என்பது 'எனக்கு இன்னும் ஐம்பது பக்கம் பாக்கி'. 'இல் மா ஃபல்யு த்ருவா ழூர்' என்பது 'எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது'. இவை மூன்றிலும் நம் நான்காம் வேற்றுமையே வேலை செய்கிறது.

காலமும் அப்படித்தான். 'ஒரு வாரமா இதப் படிச்சுக்கிட்டிருக்கேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். பிரெஞ்சும் நிகழ்காலம்தான்: 'ழ லி ஸ ரொமான் தப்வி யுன் ஸ்மேன்'. இங்கே ஆங்கிலப் பழக்கத்தில் 'ழே ல்யு' என்று இறந்தகாலத்தைப் போடுவது மிகப் பரவலான பிழை. கதைச் சுருக்கத்துக்கும் இது பொருந்தும். பார்த்த படத்தை யாருக்காவது சொல்லும்போது 'அவன் வர்றான், இவ கதவச் சாத்துறா' என்கிறோம் இல்லையா? பிரெஞ்சில் நாவலின் கதையை நிகழ்காலத்தில் சொல்வதே வழக்கம். நாவலுக்குள் வருகிற எழுத்து நடை இறந்தகாலத்தை, அதாவது பாஸே செம்ப்லை, படர்க்கையில் அடையாளம் கண்டுகொண்டால் போதும். பேச்சில் அதைத் தொட வேண்டாம்.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. நாம் நாவலையும் படிக்கிறோம், பி.காமும் படிக்கிறோம். பிரெஞ்சில் வாசிப்புக்கு 'லிர்', பாடம் பயில்வதற்கு 'எத்யுதியே', மொழி கற்பதற்கு 'அப்ரான்த்ர்'. 'ழ லி ல ஃப்ரான்ஸே' என்றால் உங்களுக்குப் பிரெஞ்சை வாசிக்கத் தெரியும் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இன்னொன்று பெயரெச்சம். 'நான் சொன்ன புத்தகம்' என்பதில் புத்தகம் கடைசியில் வருகிறது, பிரெஞ்சில் முதலில்: 'ல லிவ்ர் தோன் ழ தெ பர்லே'. இதில் வரும் 'தோன்' தனியாகப் பிடிபட நாளாகும். வாக்கியத்தை முழுசாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இனிக் கதை சொல்லும் முறை. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தண்ணீருக்குக் காத்திருக்கும் விவசாயியின் கதை என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம் வகையைச் சொல்லட்டும்: 'செ தன் ரொமான் தமூல்' (இது ஒரு தமிழ் நாவல்). சிறுகதை என்றால் 'நுவேல்'. ஆங்கிலச் சாயலில் இதை நாவல் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அதிகம். அடுத்தது இடம்: 'லிஸ்துவார் ஸ பாஸ்' (கதை நடப்பது) என்று தொடங்கி ஊரைச் சொல்லி, 'தான் ல தெல்தா த ல காவேரி' என்று சேருங்கள். பிறகு ஆள்: 'செ லிஸ்துவார் தன் பெய்ஸான் கி ஆத்தான் லோ த்யு பராழ்', அணைத் தண்ணீருக்குக் காத்திருக்கிற விவசாயியின் கதை. 'இல் சழி த' (இது இன்னதைப் பற்றியது) என்ற தொடரும் இதற்கு உதவும். ஆனால் அதன் எழுவாய் எப்போதும் அந்த வெறும் 'இல்' மட்டுமே. 'ரொமான்' என்பதைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தால் பிழை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தண்ணீருக்காக ஏன் ஒரு குடும்பமே பதைக்கிறது என்பது லியோனில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறக்க வேண்டும், தண்ணீர் தாமதித்தால் ஆற்றுப் பாசனத்தை நம்பியவருக்குக் குறுவை போயிற்று. அதைச் சொல்லாவிட்டால் உங்கள் கதைக்கு உயிரே இல்லை. குறுவைக்கு 'ல ப்ரமியேர் ரெகோல்த் த ரி' (நெல்லின் முதல் அறுவடை) என்றால் போதும். திண்ணை மாதிரிச் சொற்களுக்கு ஈடு தேடி அலையாதீர்கள். தமிழ்ச் சொல்லையே சொல்லிவிட்டு 'செ யுன் சோர்த் த...' (அது ஒரு மாதிரியான...) என்று தொடருங்கள்: 'பான் தவான் ல மெஸோன்', வீட்டுக்கு முன்னால் இருக்கும் இருக்கை. மிராசுதாருக்கு 'க்ரான் ப்ரொப்ரியேத்தேர்'. நம் ஊர்ப் புத்தகத்தை வெளியாருக்குச் சொல்வதில் முக்கால்வாசி வேலை இந்த விளக்கம்தான். இதற்குத் தயாராக இருப்பவர் பேச்சில் தடுமாறமாட்டார்.

கருத்துக்கு வருவோம். ஒரே மூச்சில் வாசித்திருந்தால் 'ழ லே ல்யு த்யுன் த்ரேத்'. உள்ளே போக முடியாமல் வைத்துவிட்டால் 'ழ நே பா அக்ரொஷே'. 'பா மால்' என்பது நம் 'பரவாயில்லை' போல, குறையாகத் தோன்றினாலும் பாராட்டுதான். 'ழ த்ரூவ் க' (எனக்குத் தோன்றுவது) என்று தொடங்கினால் வினை சாதாரணமாக வரும். 'அப்படி நினைக்கவில்லை' என்று எதிர்மறையில் தொடங்கினால் பின்னால் சுப்ழோங்க்திஃப் என்ற வேறு வினை வடிவம் வந்து நிற்கும். அதனால் இப்போதைக்கு 'ழ ந பான்ஸ் பா க ஸ சுவா' (அது அப்படி என்று நான் நினைக்கவில்லை) என்பதை ஒரே கட்டியாக நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 'ல்யு' (வாசித்த) என்பதை 'லூ' என்றால் ஓநாய். 'ஈ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவியுங்கள், ஒலி வந்துவிடும். இரண்டாவது மூக்கொலி. பேச்சில் 'வந்தான்' என்னும்போது கடைசி னகரத்தை முழுதாகச் சொல்வதில்லை, மூக்கில் கரையவிடுகிறோம். 'ரொமான்', 'பெய்ஸான்' இரண்டுக்கும் அதே முடிவுதான். னகரத்தை அழுத்திவிட்டால் உங்கள் விவசாயி பெண்ணாகிவிடுவார், ஏனென்றால் பெண்பாலில்தான் அந்த ஒலி முழுதாகக் கேட்கும். இங்கே நான் தமிழ் எழுத்தில் தந்திருப்பது ஒலியைக் காட்ட மட்டுமே. உங்கள் நோட்டில் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் ரொட்டியும் குளியலும் ஒன்றுபோல 'பேன்' ஆகிவிடும்.

புதுச்சேரி போகும்போது ரோமன் ரோலந்து நூலகத்துக்குப் போய் நாவல்களின் பின்னட்டையை மட்டும் வாசியுங்கள். பிரெஞ்சில் அதற்குக் 'கத்ரியேம் த கூவெர்த்யுர்' என்று பெயர். கதை, இடம், ஆள் எல்லாம் அங்கே பெரும்பாலும் நிகழ்காலத்தில், நான் மேலே சொன்ன தொடர்களிலேயே இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு வாக்கியம் எடுத்தெழுதி, பெயர்களை மட்டும் மாற்றி உங்கள் தமிழ் நாவலுக்குப் பொருத்துங்கள். பிறகு பார்க்காமல் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே தயங்கினீர்களோ அந்த வாக்கியத்தை மட்டும் மறுநாள் சரிசெய்தால் போதும்.

அத்தை பிள்ளைகளிடம் 'த்யு' (நீ), தேர்வாளரிடம் 'வூ' (நீங்கள்). பிள்ளைகள் 'தா ல்யு குவா?' (என்ன படிச்சே?) என்று வெட்டிப் பேசுவார்கள், எதிர்மறையில் 'ந'வை விழுங்கிவிடுவார்கள். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் மட்டும் 'ந'வை விடாதீர்கள். நீங்கள் சொல்லி முடித்ததும் 'எ த்வா, த்யு லி குவா ஆன் ஸ மொமான்?' (நீ இப்போ என்ன படிக்கிறே?) என்று திருப்பிக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்போது புரியாத சொல்லை அங்கேயே நிறுத்தி, 'சா வ திர் குவா?' என்று பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.