அப்பா ஏன் பஸ்ஸில் போகிறார்?

கேள்வி: 1999 மாடல் மாருதி எஸ்டீம், அப்பா வாங்கியது, இப்போது நான்தான் ஓட்டுகிறேன். போன தீபாவளிக்கு 15 இன்ச் அலாய் வீலும் லோ புரொஃபைல் டயரும் போட்டேன். வளைவில் வண்டி சாய்கிறது, பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது. லோயரிங் ஸ்பிரிங் போடலாமா, காயில்ஓவரா? எந்த பிராண்டு? 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பொங்கலிலிருந்து அப்பா முதுகுவலி என்று பூப்பாறை தோட்டத்துக்கு பஸ்ஸிலேயே போய்வருகிறார், அதனால் பின் சீட்டைப் பற்றிக் கவலையில்லை.
— போடியிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தீர்களா? முதுகுவலிக்காரர் எங்கேயாவது காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போவாரா? பூப்பாறைக்குப் போகும் போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. அதில் பஸ் எப்படிக் குலுக்கும் என்று உங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குலுக்கலே பரவாயில்லை என்று ஒரு மனுஷர் மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி போகிறார் என்றால், அவர் காரை விட்டுத் தப்பிப் போயிருக்கிறார். தேதியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்: தீபாவளிக்கு வீல், பொங்கலுக்கு பஸ். நடுவில் இரண்டரை மாதம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். "உன் வண்டியில் உட்கார முடியலடா" என்று எந்த அப்பாவும் மகனிடம் சொல்லமாட்டார். முதுகுவலி என்பார், நமக்கும் நம்புவது சௌகரியமாக இருக்கும்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சாமான் பெயர் மாறும், வீட்டில் ஒதுங்கிக்கொள்ளும் ஆள் மாறும், அவ்வளவுதான். ஏலக்காய் விற்ற காசில் அவர் வாங்கிய கார் தம்பி அது. மகன் காரில் போக, வாங்கியவர் போடி பஸ் ஸ்டாண்டில் நிற்பதை ஊர் பார்க்கிறது. எனக்கு இதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது: அவருக்கு உட்கார இடமில்லாத வண்டிக்கு 60,000 ரூபாய் செலவு செய்ய உங்களுக்கு உரிமை இல்லை.

சரி, வண்டிக்கு வருவோம். பள்ளத்தின் முதல் அடியை வாங்குவது டயரின் பக்கச்சுவர். லோ புரொஃபைல் போட்டு அதன் உயரத்தைக் குறைத்துவிட்டீர்கள், அந்த அடி நேராக மேலே வருகிறது, இரும்பு இணைப்புகளுக்கு நடுவே இருக்கும் 25 வருஷத்து ரப்பர் புஷ்ஷும், ஷாக் அப்சார்பர் என்கிற ஷாக்கும் அதை எங்கே தாங்கும்? இதில் லோயரிங் ஸ்பிரிங் வேறு போட்டால், அது குட்டை, விறைப்பு வேறு, ஷாக்குக்கு மேலும் கீழும் ஆட இடமிருக்காது, பெரிய பள்ளத்தில் முட்டி நிற்கும். வண்டி இரண்டு இன்ச் இறங்கினால் சீட்டும் இரண்டு இன்ச் இறங்கும் என்பதை யோசித்தீர்களா? முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் வயதில், அந்த இரண்டு இன்ச் ஒரு படிக்கட்டு மாதிரி. காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி வருவது, அந்தப் பேச்சே வேண்டாம். இந்த வயசு வண்டிக்கு வேறு காருடையதை வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மலை ஏறினால் கேரளா, சட்டத்தையும் பார்க்க வேண்டும். தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னதும் கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டும்.

ஷெட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின் சீட்டில், அப்பா உட்காரும் பக்கம் உட்கார்ந்து, மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு வரை போய்வாருங்கள். போனை எடுக்காமல்.

இறங்கியதும் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய 13 இன்ச் ரிம்மைத் தேடுவீர்கள். அதில் மாட்டிவைத்த டயரை நம்பாதீர்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 3216 என்றால் 2016-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்தது. பழசாக இருந்தால் நாலும் புதுசு. அப்புறம் ஒவ்வொரு மூலையாக வண்டியை அழுத்தி விடுங்கள், ஒரு தரத்துக்கு மேல் துள்ளினால் ஷாக் போச்சு, எண்ணெய் கசிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், மேலே இருக்கிற மவுண்டிங், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒடியாத, தொய்யாத ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். மெக்கானிக் பக்கத்திலேயே நில்லுங்கள்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால் இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

இதையெல்லாம் செய்தும் மிச்சம் இருந்தால் பின் சீட்டு பஞ்சைப் புதுசாகப் போடுங்கள்.

பிராண்டு கேட்டிருந்தீர்கள். ஷாக்குக்கு கேப்ரியலோ மன்றோவோ, பெட்டியில் எஸ்டீம் என்று அச்சடித்து எது கிடைக்கிறதோ அது. கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.