ஏப்ரல் 23, 1616: தேதி ஒன்று, நாள் வேறு

ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில்தான் மறைந்தார்களா, இதில் இரண்டு நூல்கள் ஏன் முரண்படுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இருவரும் ஒரே நாளில் மறையவில்லை. ஆகவே, பள்ளி அறிவிப்புப் பலகைக்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் ‘ஒரே நாளில் மறைந்த இரு மேதைகள்’ என்ற தலைப்பை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் பார்த்த இரண்டு நூல்கள் முரண்படுவதற்குக் காரணம் நாட்காட்டியாகத்தான் இருக்கும். ஸ்பெயின் 1582இலேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி முறைக்கு மாறி, அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று எண்ணியது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் முறையிலேயே இருந்ததால், ஷேக்ஸ்பியர் மறைந்த ஏப்ரல் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3 ஆகிறது. போதாததற்கு, செர்வாண்டிஸ் மாட்ரிட்டில் மறைந்தது 22ஆம் தேதி என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. 23 அவரை அடக்கம் செய்த நாள்.

கிழமையை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். அந்த ஏப்ரல் 23 இங்கிலாந்தில் செவ்வாய், ஸ்பெயினில் சனி. அறிவிப்புப் பலகைக்கான உங்கள் பட்டியலில் 1582க்கும் 1752க்கும் இடைப்பட்ட ஆங்கிலேய நிகழ்வுகள் அனைத்தையும் இப்படிப் பார்த்துவிடுங்கள். ரஷ்ய நிகழ்வுகளானால் 1918 தொடக்கம் வரை பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: எல்லாத் தேதிகளையும் புதிய முறைக்கு மாற்றிவிடாதீர்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் உள்ள ஷேக்ஸ்பியர் நினைவுச்சின்னத்திலேயே ஏப்ரல் 23 என்றுதான் பொறித்திருக்கிறார்கள். உள்ளூர்த் தேதியை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘பழைய முறை’ என்று குறிப்பதே மாணவர்களைக் குழப்பாது. யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாளும் ஏப்ரல் 23தான்; அந்தப் பதிவை மாற்ற வேண்டியதில்லை.