மழைக்காலத்தில் காகித வேலை: கேள்வி பதில்

பழைய தாள், அட்டை, வீட்டில் மிஞ்சும் சாமான்களைக் கொண்டு செய்யும் கைவேலைகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. கேட்டவர்களை இலங்கையில் அவர்களின் ஊர்ப் பெயரால் மட்டும் குறித்திருக்கிறேன். தையல், பிளாஸ்டிக் பூ பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

தலவாக்கலை: டீச்சர், பழைய கொப்பித் தாளை அரைத்துப் புதிய தாள் செய்ய மெஷின் வேண்டுமா?

வேண்டாம் தம்பி. தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். வெட்டினால் நார் குட்டையாகிவிடும். காலையில் ஒரு கைப்பிடி தாளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் விட்டு அரைக்கலாம். பிளெண்டர் இல்லாத வீட்டில் உரலில் இடித்தால் இன்னும் நல்லது, நார் அறாமல் விரியும். ஒரே அளவில் இரண்டு மரச்சட்டம் செய்து, ஒன்றில் நுளம்பு வலையை இறுக்கி ஆணி அடியுங்கள். கூழைப் பெரிய பேசினில் கரைத்து, வலைச்சட்டத்தின் மேல் வெறும் சட்டத்தை வைத்து, இரண்டையும் சேர்த்து முக்கி மட்டமாகத் தூக்க வேண்டும். தண்ணீர் வடியும்போதே முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரு தரம் அசைத்தால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வடிந்து முடிந்த பிறகு அசைத்தால் தாளில் ஓட்டை விழும்.

மேல் சட்டத்தை எடுத்துவிட்டு, நனைத்த பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, வலையின் முதுகில் ஸ்பொஞ்சால் ஒற்றித் தண்ணீரை எடுங்கள். சட்டம் தானாகக் கழன்று வரும். பலகைக்கு அடியில் வைத்து மேலே கல்லேற்றிப் பிழிந்தபின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்தால் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். பேனாவால் எழுத வேண்டுமென்றால் கூழில் இரண்டு கரண்டி சோற்றுக் கஞ்சி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மை ஊறிப் பரவும்.

கடை பில், ஏ.டி.எம். துண்டு எதையும் கூழில் போடாதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். அதன் பூச்சில் பெரும்பாலும் பிஸ்பினோல் வகை இரசாயனம் இருக்கும், கையில் ஒட்டும்.

கினிகத்தேனை: பலூன் மேல் பேப்பர் ஒட்டிக் கிண்ணம் செய்தேன். ஒரு வாரத்தில் மயிர் முளைத்த மாதிரிப் பூஞ்சணம். வீடியோவில் சொன்னபடி உப்பும் போட்டேனே?

கெடுத்ததே உப்புதான். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். உங்கள் வீட்டு உப்புப் போத்தலின் அடியில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே கிண்ணத்துக்குள் வைத்து ஒட்டியிருக்கிறீர்கள்.

செய்யவேண்டியது இது. ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் தெளியும்வரை காய்ச்சுங்கள். பச்சை மாப் பசை இங்கே ஆகாது. ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் ஒட்டாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க, அதே அறையில் கிடக்கும் உலர்ந்த அட்டையை ஒரு கன்னத்திலும் கிண்ணத்தை மறு கன்னத்திலும் வையுங்கள். கிண்ணம் அதிகம் குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்போது வார்னிஷ் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே அழுகும்.

வத்தளை: அக்கா, நான் காலம் காலமாக உப்புப் போட்டுத்தான் செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

கொழும்புப் பக்கம் இருக்கும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பசை ஈரமாக இருக்கும்வரை உப்பு பூஞ்சணத்தைத் தடுக்கும், அது உண்மைதான். உங்களுக்கு ஒரு வெயில் அடித்தால் எல்லாம் காய்ந்துவிடும். வட்டவளைப் பக்கம் ஜூன் மாதத்தில் சட்டை காய்வதே பெரும்பாடு.

பண்டாரவளை: டீச்சர் மிகைப்படுத்துகிறார். எங்களுக்கு ஜூன், ஜூலையில் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) வைத்தால் ஒரே நாளில் காய்கிறதே.

மிகைப்படுத்தவில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், வட்டவளை இருக்கும் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி உங்கள் ஊவாப் பக்கம் வரண்ட காற்றாக இறங்குகிறது. உங்கள் மழை அக்டோபருக்குப் பிறகு. அப்போது செய்து பாருங்கள்.

ஹட்டன்: சரியாகச் சொன்னீர்கள் டீச்சர்! அவர்கள் வெயிலில் இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

பண்டாரவளை: நான் புத்தி சொல்லவில்லை. மலைநாடு என்றாலே ஹட்டன் என்று பேசுவதைத்தான் சொன்னேன்.

அதுவும் நியாயம்தான். இனி நான் சொல்லும் காயவைக்கும் கணக்கெல்லாம் மேற்குச் சரிவுக்கு. ஊவாக்காரர் மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா: உப்பு வேண்டாமென்றால் மயில்துத்தம் போடலாமே? பூச்சியும் வராது.

போடவே கூடாது. அது செப்பு சல்பேட், நஞ்சு. பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு இடத்துக்கு) பொம்மை செய்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைகள் அதை வாயில் வைப்பார்கள். ஆறிய பசையில் சில துளி கராம்பு எண்ணெய் போதும், மிச்சப் பசையை இரண்டு நாளுக்குமேல் வைக்காதீர்கள்.

வத்தளை: இருந்தாலும் உப்பு...

சரி, இரண்டு சின்னக் கிண்ணம் செய்து, ஒன்றில் மட்டும் உப்புப் போட்டு, ஹட்டனில் சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில் ஜூலை முழுக்க வையுங்கள். பிறகு பேசலாம்.

நானுஓயா: எந்தக் கம் நல்லது?

காய்ச்சிய மாப் பசை. மேலே இருக்கிறது.

கொட்டகலை: அடுப்புக்கு மேலே வைத்துக் காயவைக்கலாமா?

இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து. கூடாது. வெளியே இறுகி உள்ளே ஈரமாக நிற்கும், கோணும், தீயும் பிடிக்கும். அடுப்பு எரியும் அறையில் எட்ட ஒரு கயிற்றில் தொங்கவிடுங்கள்.

நோர்வூட்: பால்மா பக்கெட்டை அரைக்கலாமா?

வெளி அட்டைப் பெட்டியை அரைக்கலாம். உள்ளே இருக்கும் பளபளப்புப் பையில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் கூழாகாது. கழுவி நீளமாக வெட்டிப் பாய் பின்னுங்கள்.

பதுளை: தோட்டத்தைச் சுற்றி மானாப் புல் காடாகக் கிடக்கிறது. அதில் தாள் செய்ய முடியுமா?

இப்படிக் கேட்டால் எனக்கு உற்சாகம்! முடியும். கிழக்கில் வாழைச்சேனைக் காகித ஆலையில் வைக்கோலிலிருந்தே காகிதம் செய்தார்கள். பழைய தாள் ஏற்கெனவே வெந்த நார், புல் வேகாத நார், அதுதான் வித்தியாசம். விரல் நீளத்துக்கு நறுக்கி, சலவைச் சோடா போட்ட தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம், நசுக்கினால் இழை பிரியும்வரை வேகவையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், சோடா அதை அரிக்கும். எவர்சில்வர் நல்லது. ஆனால் அந்தச் சட்டியில் பிறகு சோறு வடிக்காதீர்கள். வழுவழுப்புப் போகும்வரை அலசி உரலில் இடித்துப் பாதிக்குப் பாதி கொப்பித் தாள் கூழுடன் கலக்கலாம். புல் மட்டும் போட்டால் முதல் முயற்சியில் தாள் முறுகும்.

எல்ல: வெள்ளைக்காரருக்கு என்ன விலை சொல்வது?

விற்கிறவர்களைக் கேளுங்கள்.

இராகலை: சாயத்துக்கு என்ன செய்ய?

பிளேன்டிச் சக்கையை, அதாவது வடித்த தேயிலைத் தூளை, காய்ச்சினால் பழுப்பு. அதில் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடந்தால் கருஞ்சாம்பல்.

பொகவந்தலாவை, ஐந்தாம் ஆண்டு மாணவி: மிஸ், பேப்பரில் கொழுந்துக்கூடை செய்வது எப்படி?

மகள், தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடைதானே? பத்திரிகையை அரைச் சாண் அகலமுள்ள நீளத் துண்டுகளாக வெட்டு. சைக்கிள் கம்பியை ஒரு மூலையில் சரிவாக வைத்து இறுக்கிச் சுருட்டி, கடைசி மூலைக்கு மட்டும் பசை தடவிக் கம்பியை உருவு. குழலின் ஒரு முனை மெலிந்திருக்கும், அதை அடுத்த குழலின் பருத்த முனைக்குள் நுழைத்தால் வேண்டிய நீளம் கிடைக்கும். நான்குக்கு நான்காகக் குறுக்கே வைத்தால் பதினாறு கால்கள் வரும். இன்னொரு குழலைச் செருகிப் பதினேழாக்கு. ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒரே குழலால் மேலும் கீழுமாகப் பின்னிக்கொண்டே போகலாம். பின்னும்முன் குழலில் கொஞ்சம் தண்ணீர் தெளி, ஒடியாது. அடியைக் குறுக்கிப் பின்னி, மேலே போகப்போகக் கால்களை வெளியே சாய்த்துக்கொள். வாயைக் கட்டி முடித்ததும் பழைய சேலைக் கரையைக் கிழித்து நெற்றிப் பட்டியாகக் கோர்த்துவிடு. பட்டியின் நீளம் தெரியாவிட்டால் உன் அம்மாவின் கூடையைப் பார்த்து அளவெடு.