உம்கேனி ஆற்று நீரில் மின்சாரம்: சவ்வை எப்படிச் சோதிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மின்சாரம் எடுக்க முடியுமா, அதற்கான சவ்வு நல்லதா என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வை நன்னீருக்கும் கடல்நீருக்கும் நடுவே வைத்தால், நன்னீர் தானாகவே கடல்நீர்ப் பக்கம் போகும். அந்த ஓட்டத்தால் டர்பைனைச் சுழற்றித்தான் மின்சாரம் எடுப்பது.

முதல் அளவு, ஒரு சதுர மீட்டர் சவ்வு எத்தனை வாட் தருகிறது என்பது. சவ்வைக் கடந்து வரும் நன்னீர் ஓட்டத்தை, கடல்நீர்ப் பக்கம் நாம் கொடுக்கும் அழுத்தத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம், அதாவது சவ்வு வழியே நன்னீரைத் தன் பக்கம் இழுக்கும் வலு, சுமார் 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதில் ஏறக்குறையப் பாதியில், 13 பாரில் வைத்தால்தான் உச்சம். அங்கே சதுர மீட்டருக்கு மணிக்கு 13 லிட்டர் வந்தால் 4.7 வாட். நார்வேயில் 2009-இல் ஸ்டாட்கிராஃப்ட் என்ற மின் நிறுவனம் திறந்த சோதனை நிலையத்தின் இலக்கும் 5 வாட்தான். செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்திவிட்டார்கள்.

சரி, அழுத்தம் கொடுக்காமல் எடுத்த ஓட்டத்தை வைத்து வாட் கணக்குப் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். அழுத்தம் ஏறும்போது சவ்வு நசுங்கும், உப்பும் கசியும். கசிந்த உப்பு, சவ்வின் மெல்லிய தோலைத் தாங்கி நிற்கும் நுண்துளை அடுக்கான தாங்கு அடுக்கில் தேங்கி, ஓட்டத்தைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். அதனால் தாங்கு அடுக்கு மெல்லியதாக, நுண்துளை மிகுந்ததாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அப்புறம், ஆய்வகத்துச் சுத்தமான நீரோடு நிற்காதீர்கள். மழைக்குப் பிறகு உம்கேனி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். பழுப்பு வண்டல் அடியில் படியும். ஆற்று நீர் தொடுவது அந்தத் தாங்கு அடுக்கைத்தான். துளைக்குள் புகுந்த வண்டலை மேலாகக் கழுவி எடுக்க முடியாது. வடிகட்டிய ஆற்று நீரிலேயே சில வாரம் ஓட்டி, வடிகட்டவும் பம்புக்கும் போன மின்சாரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.