கேண்டிடா, ட்ரடிஷனலா? கல்யாண ஃபோட்டோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: தை மாதம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் என் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். மகள் இன்ஸ்டாகிராமைக் காட்டி, "எல்லாமே கேண்டிட், ஆர்ட்டிஸ்டிக்காக வேணும்" என்கிறாள். அவள் அப்பாவோ, மேடை ஏறிய ஒருவர் விடாமல் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்கிறார். இரண்டையும் கலந்து எடுப்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கேண்டிட் (போஸ் கொடுக்காமல், இயல்பாக நடப்பதை எடுப்பது), ட்ரடிஷனல் (மேடையில் நிற்கவைத்து வரிசையாக எடுப்பது) இரண்டையும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் எடுக்க முடியாது. ரிசப்ஷனில் வரிசை நகரத் தொடங்கினால் மேடை கேமராக்காரர் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. அவர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால், வாசலில் நின்று ஆட்களை வரவேற்கும் உங்கள் கணவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். அதனால் 'கலந்த ஸ்டைல்' என்ற பேச்சைவிட, எத்தனை கேமராக்காரர்கள் வருகிறார்கள், எந்த நேரத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று கேளுங்கள். மேடைக்கு ஒரு ட்ரடிஷனல் ஆள், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு கேண்டிட் ஆள், இதுதான் குறைந்தபட்சம். பட்ஜெட் இடித்தால் ட்ரோனையும் எல்.இ.டி. திரையில் ஓடவிடும் டீசரையும் வெட்டுங்கள், ஆளை வெட்டாதீர்கள்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் எழுந்து அட்சதையோடு முன்னால் வருவார்கள், பாதிப் பேர் கையில் மொபைல். வீடியோகாரர் நேர் எதிரே லைட்டோடு நிற்பார். அங்கேயே இன்னொரு கேமராவும் நின்றால் இருவருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். கேண்டிட் ஆள் பக்கவாட்டில், நாத்தனார் முடிச்சுப் போடும் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், பெண்ணின் குனிந்த முகமும் அதற்குப் பின்னால் கண்ணைத் துடைக்கும் அப்பாவும் ஒரே படத்தில் வருவார்கள். பேச வருகிறவரிடம், "அந்த நிமிஷம் நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அனுபவம் உள்ளவர் மேடையின் அமைப்பைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்வார். "கவலைப்படாதீங்கம்மா, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால் நான் அட்வான்ஸ் கொடுக்க யோசிப்பேன்.

இன்ஸ்டாகிராம் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்துக் கல்யாணத்தில் எடுத்த பத்து நல்ல படங்கள் அவை. பெரும்பாலும் ஈ.சி.ஆர். பக்கம் ரிசார்ட்டில் பகல் வெளிச்சத்தில் எடுத்தவையாகவும் இருக்கும். உங்களுடையது ஜன்னல் குறைந்த மண்டபம், ராத்திரி ரிசப்ஷன், விடியாத முகூர்த்தம். அதனால், இதேபோன்ற மண்டபத்தில் நடந்த ஒரே கல்யாணத்தின் முழுப் படத் தொகுப்பையும் முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல்லுங்கள். டெக்கரேஷன்காரர் போடும் ஊதா, நீல லைட்டில் முகங்கள் என்ன நிறத்தில் இருக்கின்றன, எல்.இ.டி. திரைக்கு முன் எடுத்தவற்றில் குறுக்கே கோடு விழுந்திருக்கிறதா, பாட்டிகளும் குழந்தைகளும் வருகிறார்களா என்று பாருங்கள். மணப்பெண்ணை மாவு பூசியதுபோல் வெளுக்க வைத்திருந்தால் அந்த ஸ்டுடியோவே வேண்டாம். நம் ஊர் நிறம் நல்ல வெளிச்சத்தில் அழகாகவே விழும். எடிட்டிங்கில் நிறத்தை மாற்றக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படங்கள் பிடித்திருந்தால், அவற்றை எடுத்தவரே வருவாரா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டுடியோ நாலைந்து கல்யாணங்களை எடுத்துக்கொண்டு, வெளியாட்களை அனுப்புவது உண்டு. வரப்போகிறவர் எடுத்ததைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

மகள் கேட்கும் ஆர்ட்டிஸ்டிக் படங்களுக்குத் திறமையோடு நேரமும் வேண்டும். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணி தாண்டிவிடும். முகூர்த்தம் முடிந்து வெளியே வரும்போது வெயில் சாய்வாக, மெதுவாக இருக்கும். டிபன் பந்திக்கு முன் இருபது நிமிடம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேண்டிட் ஆளிடம் விட்டுவிடுங்கள். "சீக்கிரம் வாங்க, சம்பந்தி வெயிட் பண்றாங்க" என்று யாரும் போய் இழுக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு மாமாவை நிறுத்துங்கள். அலங்காரத்துக்கும் இதே கதைதான். மண்டபத்து மணமகள் அறையில் ட்யூப்லைட்டும் பெட்டிகளும்தான் இருக்கும். ரிசப்ஷன் அலங்காரத்தை மதியமே வீட்டில், ஜன்னல் உள்ள அறையில், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுச் செய்தால் அந்தப் படங்களே வேறு மாதிரி வரும்.

அப்புறம் ஆல்பம். வீட்டுச் சண்டை உண்மையில் இங்கேதான். 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரு ஷீட்டை விரித்தால் இரண்டு பக்கம். ஒரு நல்ல படத்துக்கு முழு ஷீட்டும் வேண்டும், மேடைப் படங்களோ ஒரே ஷீட்டில் ஏழெட்டு அடங்கும். ஒரே ஆல்பத்தில் இரண்டையும் திணித்தால் இருவருக்கும் திருப்தி இருக்காது. உங்கள் கணவருக்கு மேடைப் படங்களோடு ஒரு பெரிய ஆல்பம், மகளுக்குக் கேண்டிட் மட்டும் ஒரு சின்ன ஆல்பம் எனப் பிரித்துக் கேளுங்கள். மொத்த ஷீட் எண்ணிக்கையைக் கூட்டாமலே இதைச் செய்யலாம்.

கேள்வி: கல்யாணம் முடிந்து பல மாதமாகியும் ஆல்பம் வரவில்லை. எல்லாப் படங்களையும் கேட்டால், "காப்பிரைட் எங்களுடையது, செலக்ட் பண்ணினதுதான் தருவோம்" என்கிறார் ஸ்டுடியோக்காரர். எங்களைக் கேட்காமல் விளம்பரத்திலும் போட்டிருக்கிறார்.
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட தாளை முதலில் எடுத்துப் படியுங்கள். உரிமை ஸ்டுடியோவுக்கு என்று அதில் ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். இல்லையென்றால் விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லலாம். எடிட் செய்யாத படங்களைத் தருவது மட்டும் பேச்சுவார்த்தையைப் பொறுத்தது, அதனால் அதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஆல்பம் தாமதத்துக்கு, தேதி குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: ராயபுரம் ரயில் நிலையத்திலும் காசிமேட்டிலும் போஸ்ட் வெட்டிங் ஷூட் எடுக்கலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: 1856-இல் திறந்த அந்த நிலையத்தின் தூண்கள் படத்துக்கு அருமையானவைதான், ஆனால் இப்படிப்பட்ட ஷூட்டுக்கு ரயில்வேயிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, கட்டணம் யார் கட்டுவது என்று பேக்கேஜில் எழுதச் சொல்லுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏல நேரத்தில் நடுவில் போய் நிற்காதீர்கள். அது பிழைப்பு நடக்கும் இடம், யார் முகத்தையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஏலம் ஓய்ந்தபின், அங்கிருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் படகுகள் பக்கம் எடுங்கள். பட்டுப்புடவை வேண்டாம், மீன் தண்ணீர் பட்டால் அந்த வாடை லேசில் போகாது.