கணினி கேள்வி-பதில்: பைத்தான் எங்கே போனது?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியில் பழகும் பைத்தான் நிரல் மொழியை வீட்டிலும் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறாள், அடுத்து சி மொழியும் பழக ஆசைப்படுகிறாள். எங்கள் விண்டோஸ் 11 மடிக்கணினியில் பைத்தானை மூன்று முறை நீக்கி, மூன்று முறையும் மறுபடி நிறுவிவிட்டோம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாப்ட் ஸ்டோர்தான் திறக்கிறது. பொள்ளாச்சியில் பழுது பார்ப்பவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட வேண்டும் என்கிறார். போடலாமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம் அம்மா. பைத்தான் பெரும்பாலும் உங்கள் கணினியில்தான் இருக்கிறது. டெர்மினலில் நாம் ஒரு பெயரைத் தட்டும்போது விண்டோஸ் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. 'பாத்' எனப்படும் பட்டியலில் எழுதப்பட்டுள்ள கோப்புறைகளை மட்டும் வரிசையாகப் பார்த்துவிட்டு, அங்கே இல்லையென்றால் கைவிரித்துவிடும். பைத்தானை நிறுவும் முதல் திரையின் அடியில், அதன் கோப்புறையைப் பாத்தில் சேர்ப்பதற்கென ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அது குறியிடப்படாமலே வருவதால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஸ்டோர் திறப்பதற்குக் காரணம், அதே பெயரில் மைக்ரோசாப்ட் முன்கூட்டியே வைத்திருக்கும் ஒரு போலிக் கோப்பு. உதவி செய்வதாக நினைத்து வைத்தார்கள், குழப்பம்தான் மிச்சம்.

முதலில் பி, ஒய் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும் தட்டிப் பாருங்கள். பதிப்பு எண்ணும் மூன்று அம்புக்குறிகளும் தோன்றினால் பைத்தான் நலமாக இருக்கிறது என்று பொருள். நிறுவும் கோப்பை மீண்டும் இயக்கி, மாடிஃபை என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்தடுத்த திரைகளில், பாத் அடங்கியுள்ள சூழல் மாறிகளில் (என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்) சேர்க்கும் கட்டத்தைக் குறியிடுங்கள். பிறகு, திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய சாளரம், தான் திறந்தபோது படித்த பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சி மொழிக்கு வேறு வழி சொல்கிறேன். நாம் எழுதும் சி நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றித் தரும் கம்பைலர் விண்டோஸுடன் வருவதில்லை. கேரள அரசுப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கைட் நிறுவனம் வழங்குவது, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளம் என்பதால், உங்கள் மகளுக்கு அது பழகிய இடம். விண்டோஸை அழிக்காமலே அதற்குள் உபுண்டுவை வைத்துக்கொள்ளலாம். நிர்வாகி உரிமையுடன் டெர்மினலைத் திறந்து, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் வசதியின் பெயரான டபிள்யூஎஸ்எல் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளை ஒட்டி இன்ஸ்டால் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுதுங்கள். பதிவிறக்கம் பெரியது, கைப்பேசி டேட்டாவை நம்ப வேண்டாம். மெய்நிகராக்கம் (விர்ச்சுவலைசேஷன்) இயங்கவில்லை என்று பிழை வந்தால், அதை, கணினி தொடங்கும்போதே திறக்க வேண்டிய பயாஸ் அமைப்பில் இயக்க வேண்டும். கணினியை மறுபடி தொடங்கியதும் உபுண்டு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது, விசைப்பலகை கெட்டுவிட்டதென்று பயப்படாதீர்கள்.

அடுத்து சூடோ ஆப்ட் அப்டேட் (sudo apt update) என்ற கட்டளையையும், அது முடிந்ததும் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்டு-எசென்ஷியல் (sudo apt install build-essential) என்பதையும் கொடுத்தால், ஜிசிசி என்னும் சி கம்பைலரும், நிரல்களைக் கட்டமைக்க உதவும் மேக் கருவியும் சேர்ந்தே வந்துவிடும். இவை தாமாகவே பாத்தில் உள்ள கோப்புறைகளில் போய் அமர்வதால், கட்டம் தேடும் வேலை இங்கே இல்லை. மகள் எழுதும் நிரல்களை விண்டோஸ் வட்டில் வைக்காமல் உபுண்டுவின் சொந்த ஹோம் கோப்புறையிலேயே வைக்கட்டும். வேகம் நன்றாக இருக்கும். பைத்தானும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பெயரை ஒட்டி 3 என்ற எண்ணையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.