மக்கும் பிளாஸ்டிக்கும் தாவர நாரும்: எந்தப் பட்டம், எந்த வேலை?

மக்கும் பிளாஸ்டிக்கில் தாவர நார் கலந்து பொருள் செய்யும் துறைக்குப் போகவேண்டும் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும் அம்மா. ஆனால் இளநிலைப் பட்டத்திலேயே 'பயோபிளாஸ்டிக்' என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். பாலிமர் பொறியியல், பொருளறிவியல், வேதியியல் இவற்றில் ஒன்றை முழுசாகப் படிக்கட்டும். அவளுக்குப் பிடித்த துறை இறுதியாண்டு புராஜெக்டிலும் முதுநிலையிலும் வரட்டும்.

காரணம் இருக்கிறது. உலக பிளாஸ்டிக் உற்பத்தியில் பயோபிளாஸ்டிக்கின், அதாவது தாவரம் போன்றவற்றிலிருந்து செய்யும் அல்லது மக்கும் பிளாஸ்டிக்கின், பங்கு இன்னும் சுமார் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். கார் கதவுகளின் உள்பலகையில் ஆளி, சணல் போன்ற நார்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன; ஆனால் அவற்றோடு சேர்வது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற மக்காத சாதாரண பிளாஸ்டிக். அங்கேயும் வேலை செய்யத் தெரிந்தவளாக அவள் இருக்கவேண்டும்.

அடிப்படைப் படிப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவது இந்தத் துறையின் முக்கியமான சிக்கலுக்காகவும்தான். தாவர நார் ஈரத்தை இழுக்கும். பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலம் போன்ற மக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஈரத்துக்கும் ஒட்டாது. இரண்டையும் வெறுமனே கலந்து வார்த்தால் ஒன்றையொன்று பிடிக்காது. அப்படி வார்த்த பட்டையை இழுவைச் சோதனையில் உடைத்து, உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நார் அறுந்திருக்காது; உருவிக்கொண்டு வந்திருக்கும். அது இருந்த இடத்தில் வழவழப்பான ஓட்டை மட்டும் தெரியும். சுமை நாருக்குப் போய்ச் சேரவேயில்லை என்று அர்த்தம். நாரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் மேலே இருக்கும் மெழுகும் பெக்டின் என்ற பசைப்பொருளும் போய், முகம் சொரசொரப்பாகிப் பிடிப்பு கூடும். கரைசல் கொஞ்சம் காட்டமாகிவிட்டாலோ நாரே நைந்துவிடும். எந்த நாருக்கு எவ்வளவு, எத்தனை நேரம் என்று சொல்ல வேதியியல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் சூடு. பிஎல்ஏ உருகுவது சுமார் 150 முதல் 180 டிகிரி செல்சியஸில். 200ஐத் தாண்டினால் நார் நிறம் மாறிக் கருகத் தொடங்கும். இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் எக்ஸ்ட்ரூடரை, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி நாரோடு கலந்து வெளியே தள்ளும் இயந்திரத்தை, ஓட்டவேண்டும். நார் சரியாகக் காயாமல் உள்ளே போனால் அந்த ஈரமே பிஎல்ஏவின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். வெளியே வருவது கையில் பிடித்தாலே நொறுங்கும். புத்தகத்தில் படித்தால் மட்டும் இது கைவராது. இவ்வளவு பாடும் வீண் இல்லை: பிளாஸ்டிக்கை வலுப்படுத்த வழக்கமாகச் சேர்க்கும் கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.5 கிராம், ஆளி, சணல் நார்களுக்கு சுமார் 1.5தான். எடை குறைவதால்தான் வாகனத் துறை இதன் பக்கம் வந்தது.

வேலை என்று பார்த்தால் பொருள் கலவை, அச்சு வடிவமைப்பு, பேக்கேஜிங், தரப் பரிசோதனை எல்லாம் உண்டு. எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது மக்கும் தன்மையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஆய்வகங்கள். 'மக்கும்' என்று அச்சடித்துவிட்டால் போதாது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரம், பொருளின் கார்பனில் 90 சதவீதம் 6 மாதத்துக்குள் கார்பன் டை ஆக்சைடாக மாறவேண்டும் என்கிறது. அதுவும் சுமார் 58 டிகிரி வெப்பத்தில் நடக்கும் தொழில்முறை உரக்கூடத்துக்கான கணக்கு. அதே பிஎல்ஏ கடல்நீரில் விழுந்தால் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இந்த வித்தியாசத்தை அளந்து, தயாரிப்பவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆட்கள் தேவை. உங்கள் மகளுக்குச் சுற்றுச்சூழல் மீது உண்மையான அக்கறை இருக்கிறது என்றால் இந்த வேலையையும் யோசிக்கட்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர், உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரம், இழுவைச் சோதனைக் கருவி இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், இளநிலை மாணவர்களே அவற்றை இயக்குகிறார்களா, இல்லை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாக விசாரியுங்கள். வேடிக்கைதான் என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.